கரகரப்பில்லாத வால்வு

1975-இல் மார்ஷல் 2203 கிடார் ஆம்ப்ளிஃபையரில் மாஸ்டர் வால்யூம் வந்ததே, அரங்கத்தை அலறவைக்காமல் கரகரப்பை எடுக்கத்தான். எனக்கோ அதே பெட்டியில் கிடைக்கும் சுத்தமான ஒலிதான் பிடிக்கும்.

அதற்குத் திருகுகளைத் தலைகீழாக வைக்க வேண்டும்: கெயினைத் தாழ்த்தி, மாஸ்டரை உயர்த்துவது. சிக்னல் அளவோடு போனால் அடுத்த 12ஏஎக்ஸ்7 வால்வில் அலையின் முகடு வெட்டுப்படாது. ‘லோ’ துளையில் செருகினால் ஒரு வால்வுக் கட்டமே தாண்டப்படும். பலரும் அதைத் தொடுவதில்லை, பாவம் அந்தத் துளை! நான்கு ஈஎல்34 பவர் வால்வுகள், நூறு வாட். அந்த விசாலத்தில் கம்பி மீட்டிய கணமே மணியாக ஒலிக்கும். மெல்ல மீட்டினால் மெல்ல, அழுத்தினால் ஓரத்தில் லேசான சூடு.

கல்வராயன் மலையில் வெள்ளிமலைத் திருவிழாவுக்கு மைக் செட் கட்டுபவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மைக் திருகை முறுக்கினால் பாட்டு சிதறும் என்று அவருக்குத் தெரியும். லைனில் வோல்டேஜ் இறங்கினால் வால்வின் விசாலமும் சுருங்கும். அப்போது கெயினை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளலாம்.