மார்வா, பூரியா, சோஹினி: வாதி சுரம் எதுவரை சொல்லும்?

மார்வா, பூரியா, சோஹினி மூன்றுக்கும் சுரங்கள் ஒன்றே. நம் கணக்கில் சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், பிரதி மத்தியமம், சதுஸ்ருதி தைவதம், காகலி நிஷாதம், பஞ்சமம் கிடையாது. கர்நாடக இசையில் ஊறிய காதுக்கு முதலில் மூன்றுமே ஹம்ஸாநந்தியாகத்தான் படும். வடக்கே இவை தனித்தனி ராகங்கள். எப்படி என்று கேட்டால் பாடநூல் ஓர் அட்டவணையைக் காட்டும். மார்வாவுக்கு வாதி, அதாவது தலைமைச் சுரம், ரிஷபம்; சம்வாதி, அதாவது அதற்குத் துணைச் சுரம், தைவதம். பூரியாவுக்குக் காந்தாரமும் நிஷாதமும். சோஹினிக்குத் தைவதமும் காந்தாரமும். முதலிரண்டும் அந்திக்கு, சோஹினி பின்னிரவுக்கு. இசைத் தேர்வின் எழுத்துத் தாளில் இதை அப்படியே எழுதினால் மதிப்பெண் உண்டு.

இந்த ஒப்பீட்டு முறைக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் விஷ்ணு நாராயண் பாத்கண்டே (1860–1936). 1904இல் தெற்கே வந்து எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதரைச் சந்தித்தவர். நம் மேள முறையின் தூண்டுதலோடு வட இந்திய ராகங்களைப் பத்து தாட்களுக்குள், அதாவது தாய் வரிசைகளுக்குள், அடக்கியவர். உஸ்தாத் மனம் வைத்தால்தான் கிடைக்கும் என்றிருந்த அறிவை அவர் அச்சில் ஏற்றினார். சுர வரிசை மட்டுமே ராகம் ஆகாது, எந்தச் சுரத்துக்கு எவ்வளவு கனம் என்பதில்தான் ராகம் பிரிகிறது என்ற பெரிய உண்மையைப் புதிய மாணவருக்கும் ஒரே வரியில் புரியவைத்தார். இதற்கு நாம் என்றும் கடன்பட்டவர்கள்.

ஆனால் அட்டவணை தன் விதியையே காப்பாற்றவில்லை. சம்வாதி, வாதியிலிருந்து நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ இசைந்து நிற்க வேண்டும். பூரியாவில் நிற்கிறது, சோஹினியிலும் நிற்கிறது. மார்வாவின் ரிஷபத்துக்கும் தைவதத்துக்கும் அந்த இசைவு இல்லை. ஒரு தாட்டுக்கே பெயர் கொடுத்த ராகத்தில் விதி உடைகிறது. பூபாலியும் தேஷ்காரும் இன்னொரு சான்று. இரண்டுக்கும் மோகனத்தின் ஐந்து சுரங்கள்தான். கல்யாண் தாட்டையும் பிலாவல் தாட்டையும் பிரிப்பது மத்தியமம். அது இரண்டிலும் இல்லை. ஆனாலும் பூபாலி கல்யாணுக்குப் போனது, தேஷ்கார் பிலாவலுக்குப் போனது. நடையைக் கேட்டுக் காது முன்பே தீர்த்துவைத்ததை அட்டவணை பின்னால் பதிந்துகொண்டது. காது சொன்னது சரியே. அட்டவணை அதை மறைப்பதுதான் குறை.

மார்வாவை மார்வாவாக்குவது சட்ஜத்தை நடத்தும் விதம். தம்பூரா விடாமல் சட்ஜத்தை ஒலிக்க, பாடுபவர் அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார். நிஷாதத்திலிருந்து ரிஷபத்துக்குத் தாவுகிறார், ரிஷபத்திலிருந்து தைவதத்துக்கு இறங்குகிறார், வீடு சேராமல் நிற்கிறார். பாடகர் அமீர் கானின் விளம்பித் (மெதுநடை) மார்வாவில் சட்ஜம் எப்போதாவதுதான் வரும்; வரும்போது கேட்பவரின் மூச்சும் சேர்ந்து இறங்கும். பூரியாவும் நி-ரி-க என்று சட்ஜத்தைத் தாண்டும். ஆனால் ரிஷபத்தில் தங்காமல் காந்தாரத்தில் போய் அமர்ந்துவிடும், மந்திர ஸ்தாயியை விட்டு அவசரப்பட்டு எழாது. சோஹினி எடுத்த எடுப்பிலேயே தார சட்ஜத்தைத் தேடிப் போகும். இவை அனைத்தும் நடையின் சங்கதிகள். 'வாதி ரிஷபம்' என்ற இரண்டு சொல்லில் இதில் எது அடங்கும்?

என்னை அதிகம் வருத்துவது மாணவர் பாட்டில் தெரியும் அச்சம். ரிஷபத்தில் ஒரு கணம் நின்றால் மார்வா ஆகிவிடுமோ என்று பூரியாவை வேலி காத்துக்கொண்டே பாடுகிறார்கள். பக்கத்து ராகம் வராமல் பார்த்துக்கொள்வதிலேயே எடுத்த ராகம் கைவிட்டுப் போகிறது. பழைய குருமார்கள் ஒரே ராகத்தில் பல பந்திஷ்களை (பாடல்களை) சொல்லிக்கொடுத்து, அது தொண்டையில் படிந்த பிறகே அண்டை ராகத்தைத் தொட்டதில் நியாயம் இருந்தது. ஒப்பிடுவதை விட வேண்டாம். அதன் இடத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும், தாளிலிருந்து குரலுக்கு மாற்ற வேண்டும். தேர்வாளர் அட்டவணை கேட்பதை நிறுத்திவிட்டு, நி-ரி-க என்ற அதே மூன்று சுரங்களை மூன்று ராகத்திலும் பாடச் சொல்லட்டும்.