கருப்பை வாய்ப் புற்றுநோயும் நம் கலைச்சொற்களும்

மருத்துவச் செய்திகளைத் தமிழில் தருவோரின் தொண்டு பெரிது. ஆயினும், அத்தமிழில் நேரும் பிழை ஏட்டோடு நின்றுவிடுவதன்று. படிப்பவரின் உயிரையும் தொடுவது. கருப்பை வாய்ப் புற்றுநோய் குறித்து நாம் எழுதுவதிலும் பேசுவதிலும் காணும் மூன்று குறைகளை ஈண்டுச் சுட்டுதல் தகும்.

முதலாவது, 'வாய்' என்னும் சொல்லை விட்டுக் 'கருப்பைப் புற்றுநோய்' என்பது. இவை வெவ்வேறு நோய்கள். கருப்பை வாயில் தோன்றும் புற்றுக்கு ஏறத்தாழ எல்லா நிலையிலும் காரணம் மனிதப் பாப்பிலோமா நச்சுயிரியே. இவ்வுண்மையைக் கண்ட ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹாசன் 2008இல் நோபெல் பரிசு பெற்றார். தடுப்பூசி தடுப்பது இதனையே; கருப்பையின் உட்சுவரில் தோன்றும் புற்றை அது தடுக்காது. ஒரு சொல் விடுபட்டால் தாய்மார் எதனை நம்புவர்?

இரண்டாவது, 'மார்க்கர்' என்பதை 'அறிகுறி' என எழுதுவது. அறிகுறி, உதிரப்போக்குப் போல நோயாளியே உணர்வது. மூலக்கூற்று அடையாளமோ ஆய்வுக்கூடத்தில் மட்டுமே புலப்படுவது. இந்நச்சுயிரியின் ஈ6 புரதம், உயிரணுவைக் காக்கும் பி53 புரதத்தை அழிக்கிறது. ஈ7 புரதம், ஆர்.பி. என்னும் மற்றொரு காவற்புரதத்தை முடக்குகிறது. அதனால் பி16 என்னும் புரதம் உயிரணுவில் மிகுகிறது. அம்மிகுதியே அடையாளம்; கேடு செய்யும் ஈ6, ஈ7 ஆகியவை மருந்து தேடுவோர்க்கு இலக்கு. அடையாளத்தை அறிகுறி என்றால், வலி இல்லாதவள் சோதனையும் வேண்டா என்று இருந்துவிடுவாள்.

மூன்றாவது, 'பாசிட்டிவ்' என்பதை 'நேர்மறை' என்று மட்டும் சொல்வது. நேர்மறை எண்ணம் என்றால் நல்லெண்ணம் என்றன்றோ கற்பிக்கிறோம்! மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண் தானே மாதிரி எடுத்துத் தருகிறாள். முடிவு கைப்பேசிக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ வாழும் ஒரு தாய்க்கு மகள் அதனை 'நேர்மறை' என்று பெயர்த்துச் சொன்னால், அவள் மகிழ்ந்து வாளா இருந்துவிடக்கூடும்; 'புற்றுநோய்' என்று சொன்னாலோ அஞ்சி ஒடுங்குவாள். இரண்டும் பிழை. 'நச்சுயிரி உள்ளது, மேற்சோதனை வேண்டும்' என்பதே நேரிய தமிழ்.

இது மருத்துவர் வேலை, தமிழாசிரியர்க்கு இதில் என்ன என்று சிலர் வினவலாம். மலேசியாவில் 13 வயதுச் சிறுமியர்க்கு இத்தடுப்பூசி போடும் திட்டம் 2010இல் தொடங்கியது. அதற்குப் பெற்றோரின் இசைவு வேண்டும். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளி புகும் சிறுமி, அவ்விசைவுத் தாளின் பொருளைத் தாய்க்கு எந்தச் சொற்களால் விளக்குவாள்? நாம் கற்பித்த சொற்களால்தான். அவை திருத்தமாக இருத்தல் வேண்டும்.