இழுக்கிற பாட்டு: முத்துக்குளித்துறையில் 2025

டிசம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் இரண்டு வேலை. கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பது ஒன்று. அந்த வருடம் பிடித்துப்போன புதுப்பாட்டுகளை நான் நோட்டில் எழுதிவைப்பது மற்றொன்று. இந்தத் தடவை பட்டியலைப் பெரியப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். வாலிபத்தில் கொழும்புத் தோணியில் போனவர். செல்போனில் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டார். "எல்லாம் நல்லாத்தாம்ல இருக்கு. இதுல எது இழுக்கும்?" என்றார்.

பாய் ஏற்றவும் நங்கூரம் தூக்கவும் பாடிய ஆளின் கேள்வி. நான் பாட்டைக் காதால் தேர்ந்தெடுத்திருந்தேன். அவர் கயிற்றால் நிறுத்துப் பார்த்தார். அந்த ஒரு கேள்வியால் என் பட்டியல் முழுக்கக் கலைந்துபோனது. கலைந்ததை மறுபடி அடுக்கிய கதைதான் இது.

வருடக் கடைசியில் பாட்டுகளை வரிசைப்படுத்தும் இந்தப் பைத்தியமே கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்ததுதான். 1952இல் மத்திய ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. ஆல் இந்தியா ரேடியோவில் அதன் இடம் சுருங்க, நேயர்கள் இலங்கை வானொலிப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அந்த டிசம்பரில்தான் அமீன் சயானியின் 'பினாக்கா கீத்மாலா' அங்கே தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து, கொழும்பிலிருந்து ஒலிபரப்பினார்கள். வாரப் பட்டியலும் வருடப் பட்டியலுமாக நாடு முழுக்கக் காத்துக் கிடந்தது. தூத்துக்குடிக்காரனுக்கோ கொழும்பு பக்கத்து வீடு. அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் குரலும் பி. எச். அப்துல் ஹமீதின் குரலும் எங்கள் தெருவில் வளர்ந்த குரல்கள். புதுப்பாட்டு எது, அதற்கு எத்தனாவது இடம் என்பதையெல்லாம் சென்னையிடம் நாங்கள் கேட்டதே கிடையாது.

ஆனால் இந்தக் கரையில் 'புதுப்பாட்டு' என்பதற்கு வானொலிக்கும் முந்திய வேறொரு கணக்கு இருந்தது. அதன் பெயர் அம்பா. முன்னோடி ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போட்டு வாங்குவார்கள். சொல் வரும்போது கை மூச்சு வாங்கும், ஏலேலோ விழும்போது கயிறு வரும். கரைவலையில் இரண்டு பக்கமும் ஆள் நிற்கும்போது ஒரு கை முந்தினாலும் வலை கோணிக்கொள்ளும், மடியில் இருக்கிற மீன் வழி கண்டுபிடித்துவிடும். அதனால் தாளம் தப்பினால் அன்றைக்குப் பங்கில் குறையும். மெட்டு தாத்தா காலத்தது. சொல் மட்டும் அன்றன்றைக்கு. சம்மாட்டியின் கஞ்சத்தனம், நேற்று வந்த கப்பல், யார் வீட்டிலோ நடந்த சண்டை என்று முன்னோடிக்குக் கண்ணில் பட்டதெல்லாம் அடிக்குள் வந்து உட்காரும். காலையில் பிறந்த பாட்டு வலை கரையேறியதும் முடிந்துபோகும். இதைவிடப் புதுசாக ஒரு பாட்டு எப்படி இருக்க முடியும்?

1964இல் வந்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுப்பில் நா. வானமாமலை தெற்குச் சீமைப் பாட்டுகளை ஏட்டில் ஏற்றினார். பெரும் வேலை அது. அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நன்றியும் வரும், ஒரு குறையும் வரும். எந்த ஏடாக இருந்தாலும் சொல் நிற்கும், இழுப்பு நிற்காது. அம்பாவை யாரும் தடை செய்யவில்லை, யாருக்கும் அது சலித்தும் போகவில்லை. எஞ்சின் வந்தது, வின்ச் வந்தது. பத்துக் கை ஒன்றாக விழவேண்டிய தேவை போனதும் பாட்டும் இறங்கிப் போய்விட்டது.

முத்துக்குளிப்பும் அப்படித்தான். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961. கல்லில் கால் வைத்து இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான் என்பது இங்கே எல்லாரும் சொல்லும் வழக்கம். கூடப் பிறந்தவளின் தாலி அவன் கையில் இருப்பதாக அர்த்தம். குளிப்பவனுக்குப் பாட்டு கிடையாது, மூச்சுதான். அதே 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' வந்தது. வ.உ.சி.யாகச் சிவாஜி, பாட்டெல்லாம் பாரதியுடையவை, இசை ஜி. ராமநாதன். பாரதி மறைந்து நாற்பது வருடம் கழித்து அவருடைய சொற்கள் அந்த வருடத்துப் புதுப்பாட்டாகக் கடைத்தெருவில் ஒலித்தன. வெளியான தேதியை வைத்துப் புதுசு பழசு பிரிப்பது இந்த ஊருக்குச் சரிப்படாது என்று நான் நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆக, 2025ஐக் கடலின் நாள்காட்டியில் வைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் மீன்பிடித் துறைமுகத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும். பெயின்ட் அடிப்பதும் வலை பொத்துவதும்தான் வேலை. ஆம்பளைகள் கரையில் இருப்பதால் கல்யாணமும் நெருக்கும். அந்தக் கல்யாணங்களையெல்லாம் இந்த வருடம் 'கனிமா' நடத்தி வைத்தது. மே 1 அன்று வந்த 'ரெட்ரோ' படத்துக்குச் சந்தோஷ் நாராயணன் போட்ட பாட்டு. கதை தூத்துக்குடியில் தொடங்குவதால் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் பெருமை. எனக்குப் பாட்டு பிடித்தது அதனால் அல்ல. மண்டபத்தில் ஒருவன் கையைத் தூக்கினால் இருநூறு கை தானாக மேலே போகிறது. பெரியப்பா கணக்கில் அது பாதி இழுப்பு. கயிறு மட்டும்தான் இல்லை.

அதே தடைக்காலத்தில்தான் 'முத்த மழை'யும். 'தக் லைஃப்' படத்துக்கு ஏ. ஆர். ரஹ்மான் இசை, பாடகி தீயின் குரல். மே மாத இசை வெளியீட்டு மேடையில் சின்மயி பாடியதும் ஊர் இரண்டானது. தீயா சின்மயியா என்று டீக்கடையில் கட்சி பிரித்துப் பேசினார்கள். எங்கள் தெருப் பாட்டி ஒருத்தி கடைசிவரை அதை 'முத்து மழை' என்றுதான் சொன்னாள். முத்துக்குளித்துறையில் அப்படித்தான் காதில் விழும். நான் சின்மயி கட்சி. ஆனால் இரவில் தனியாகக் கேட்கும்போது தீயின் குரலில் உள்ள அந்த ஒட்டாத தன்மைதான் பாட்டுக்கு வேண்டியது என்று தோன்றும். இது சுத்தமாகக் கேட்கிற பாட்டு. எதையும் இழுக்காது, இழுக்கவும் வேண்டாம்.

ஜூலையில் 'மோனிகா' வந்தது. 'கூலி' படம், அனிருத். துறைமுகத் தொழிலாளிகள் சூழ ஆட்டம். எங்கள் துறைமுகத்தில் சுமை தூக்கியவர்களின் பேரன்கள் அதை நூறு தடவை பார்த்தார்கள். கன்டெய்னரைக் கிரேன் தூக்குகிறது, கூலிகளுக்கு ஆடுவதுதான் வேலை. உண்மையும் கிட்டத்தட்ட அதுதானே. பாட்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வேறொன்றுமில்லை.

அந்த மாதம் 26ஆம் தேதி பனிமய மாதா கோயிலில் கொடியேறிற்று. ஆகஸ்ட் 5 வரை ஊர் முழுக்க மாதா பாட்டு. 1542இல் பிரான்சிஸ் சவேரியார் இந்தக் கரைக்கு வந்து, தெருவில் மணியடித்துக் குழந்தைகளைக் கூட்டி, ஜெபங்களை ராகம் போட்டுச் சொல்லிக் கொடுத்தார். எங்கள் கரையின் பக்திப் பாட்டுச் சந்தைக்கு நான் போடும் கால்கோள் அந்த மணிதான். இன்றைக்கும் திருவிழாவையொட்டிப் பாடகர் குழுக்கள் புதுசு புதுசாகப் பாடிப் பதிவேற்றுகின்றன. கீபோர்டும் வயலினும் சினிமாவின் பழைய சோகப் பாட்டு மாதிரியே ஒலிப்பது எனக்கு ஒரு குறை. சொல்லும்போது கோயில்காரர்கள் முறைக்கிறார்கள்.

இனி புரட்டாசி. இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவைத் தெரியாதவர்களுக்கு: விரதமிருந்து, காளி, ராஜா, குறவன், குரங்கு, போலீஸ் என்று நேர்ந்துகொண்ட வேஷத்தைப் போட்டு, ஊர் ஊராகப் போய்க் காணிக்கை வாங்கி, பத்தாம் நாள் இரவு கடற்கரைச் சூரசம்ஹாரத்தில் சேர்வார்கள். இந்த வருடம் அது அக்டோபர் 2. ஊருக்கு ஊர் தசரா செட்டு. செட்டுக்கு ஒரு மேளம், ஒரு வண்டி, வண்டியில் ஸ்பீக்கர், ஸ்பீக்கருக்கு அந்த வருடத்துப் புதுப்பாட்டு. முன்பு கேசட், பிறகு சி.டி., இப்போது யூடியூபும் பென் டிரைவும். போன வருடத்துப் பாட்டைப் போட்டால் செட்டுக்கு மரியாதைக் குறைச்சல்.

இந்தப் பாட்டுகளைப் பற்றி இலக்கியப் பத்திரிகையில் யாரும் எழுதமாட்டார்கள். ஜூலையில் கேட்ட குத்து மெட்டு, புரட்டாசியில் அம்மன் பேரைப் பூசிக்கொண்டு திரும்பி வருவதால் அவர்களுக்கு இளப்பம். எனக்கு நம்மூர் வளர்ப்பு முத்துதான் ஞாபகம் வரும். 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கையால் கருவை வைத்து முத்து விளைவித்தார்கள். கரு மனிதன் வைத்தது, பளபளப்பு சிப்பி பூசியது. தசராப் பாட்டில் கரு சென்னையிலிருந்து வந்த மெட்டு, அதன்மேல் ஏறுகிற பூச்சு எங்களுடையது. அந்தப் பூச்சின் தாய்க்குரல் யாருடையது? எல். ஆர். ஈஸ்வரி. லூர்து மேரி ராஜேஸ்வரி என்பது அவருடைய முழுப்பெயர். மாதா கோயிலும் அம்மன் கோயிலும் ஒரே மணலில் நிற்கிற கரைக்கு இது அதிசயமே இல்லை.

ஒன்பதாம் நாள் மதியம், திருச்செந்தூர் ரோட்டில் ஒரு டீக்கடை. காளி வேஷக்காரர் ஒருவர் நின்றுகொண்டே டீ குடித்தார். தொங்குகிற நாக்குக்குப் பக்கத்தில் ஸ்ட்ராவைச் செருகி உறிஞ்சினார். முதுகில் சடைமுடி, தோளில் கட்டைக் கைகள், முகத்தில் நீலச் சாயம் வியர்வையில் கோடு கோடாக இறங்கியிருந்தது. வண்டியில் புதுப்பாட்டு ஒன்று தடதடவென்று ஓட, மேளமும் அதைத் துரத்தியது. அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "அண்ணாச்சி, இந்த வேகத்துல வச்சா சடை ஒரு பக்கம் ஆடுது, நான் ஒரு பக்கம் ஆடுதேன். பின்னால இழுக்கு. அந்த ஏழாவது பாட்டைப் போடுங்க." ஏழாவது பாட்டு வந்தது. அடி அதேதான், ஆனால் நாலாவது தட்டில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் சடை திரும்பி வந்து முதுகில் படிந்தது. அவர் டீக்கப்பைக் கீழே வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தார்.

பெரியப்பாவின் கேள்விக்கு முதல் பதில் எனக்கு அங்கே கிடைத்தது. பாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு செய்த பாட்டு அது. தசராவில் ஆபாச நடனம் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதைத் தாண்டி, எந்தப் பாட்டு நிற்கும் எது விழும் என்பதை இந்தச் சடைமுடிதான் தீர்மானிக்கிறது.

தீபாவளிக்கு, அக்டோபர் 17, 'பைசன் காளமாடன்'. மாரி செல்வராஜின் படம், நிவாஸ் கே. பிரசன்னா இசை. எங்கள் மாவட்டத்து மணத்தி ஊர்க்காரர், கபடிக்கு அர்ஜுனா விருது வாங்கிய கணேசனின் வாழ்க்கையிலிருந்து எடுத்த கதை. நாட்டார் சாமிகளின் பேரை வைத்துப் படம் வருவதும், அந்தச் சாமிகளை வில்லுப்பாட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் தியேட்டரில் விசிலடிப்பதும் தனிச் சங்கதி. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. எங்கள் ஊரில் கபடியில் எதிர்ப்பக்கம் போவதைப் 'பாடிப் போறது' என்போம். "அடுத்து யாருல பாட்டு?" என்று கேட்போம். மூச்சு விடாமல் ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டு போய், தொட்டு, மூச்சு அறுவதற்குள் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். முத்துக்குளிப்பவனின் கணக்கும் அதுவே. கடலில் மூச்சுக்குச் சத்தமில்லை, களத்தில் உண்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மூச்சை இந்தப் படத்தின் பாட்டுகளில் தேடினேன். 'சீனிக்கல்லு' இனிமையானது, சாயந்தரத்துக்கு உரியது, அதோடு சரி. 'தீக்கொளுத்தி' நெஞ்சில் உட்காருகிறது. ஆனால் 'றெக்க றெக்க'வில்தான் மூச்சு இருக்கிறது. பாடகர்கள் வேடனும் அறிவும் அடியை விடாமல் பாடிப் போகிறார்கள். எங்கே மூச்சு வாங்குகிறார்கள் என்று காதை வைத்துக் கேட்டால், களத்தில் நிற்கிறவனுக்கு வருகிற பதைப்பு வருகிறது. வேடனின் தாய்வழி ஈழம். அறிவின் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர்கள். அவருடைய 'எஞ்சாயி எஞ்சாமி' அந்த நினைவில் பிறந்தது. தோட்டக் கூலிகளைக் கொழும்புக்கு ஏற்றிய நீராவிக் கப்பல்கள் எங்கள் துறையிலிருந்தும் புறப்பட்டவை. படத்தில் கடல் இல்லை. இந்த இரண்டு குரலிலும் எனக்குக் கடல் கேட்கிறது.

மாரி செல்வராஜ் படங்கள் எல்லாவற்றிலும் கடல் இல்லாத குறை எனக்கு உண்டு. 'கர்ண'னில் சந்தோஷ் நாராயணனோடு கிடாக்குழி மாரியம்மாள் பாடிய 'கண்டா வரச் சொல்லுங்க' 2021இல் மாவட்டத்தையே எழுப்பி உட்காரவைத்தது. 'வாழை' போன வருடம் அழவைத்தது. எல்லாம் தாமிரபரணிக் கரை, வாழையும் நெல்லும். கடற்கரைக்கு என்று பார்த்தால் மணிரத்னத்தின் 'கடல்', 2013. அதில் ரஹ்மானே பாடிய 'ஏலே கீச்சான்' எங்கள் பேச்சில் தொடங்கும். கீச்சான் பிடிபட்டால் கத்துகிற மீன் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டில் கூடுதலாக ஒரு சிரிப்பு. பன்னிரண்டு வருடமாக அடுத்த கீச்சான் வலையில் ஏறவில்லை.

கடைசியாக நோட்டில் நின்றவை நாலு. கனிமா, முத்த மழை, றெக்க றெக்க, அப்புறம் அந்த ஏழாவது பாட்டு. மூன்றுக்கு இசையமைப்பாளர், பாடியவர், நிறுவனம் எல்லாம் எழுதியாயிற்று. நாலாவதைச் செட்டுக்காரரிடம் கேட்டுப் பென் டிரைவில் வாங்கி வந்திருந்தேன். பெரியப்பா அதை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார். நாலாவது தட்டின் இடைவெளியில் அவருடைய வலது கை மடியிலிருந்து லேசாகப் பின்னால் போனது. "யாருல பாடினது?" என்றார்.

ஃபைலில் 'குலசை நியூ 07' என்று மட்டும் இருக்கிறது. நோட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறேன்.