நரசிம்மனின் வில்

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ 1986-லும் ‘நத்திங் பட் விண்ட்’ 1988-லும் வெளிவந்தபோது, இடைப்பட்ட இரண்டே ஆண்டுகளில் அவருடைய வாத்திய சங்கீதம் பரிபக்குவம் அடைந்துவிட்டதாகச் சொன்ன ரசிகர்கள் பலர். எங்கள் குத்தம்பாக்கத்தில் இன்றும் அந்தக் கட்சிக்கே ஆள்பலம் அதிகம். எனக்கோ அந்த மாறுதலை வளர்ச்சி என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

முதல் தொகுப்பில் ஒலிக்கும் வி. எஸ். நரசிம்மனின் வயலின், தன்னைச் சூழ்ந்திருக்கும் தந்தி வாத்தியங்களின் குலத்திலேயே பிறந்ததாகையால், கூட்டத்திலிருந்து எழுந்து தன் அபிப்பிராயத்தைச் சொல்லிவிட்டு மறுபடியும் அந்தக் கூட்டத்திலேயே கலந்துவிட அதனால் முடிகிறது. இரண்டாம் தொகுப்பில் ஒலிக்கும் ஹரிபிரசாத் சௌரசியாவின் புல்லாங்குழலுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மூச்சுக்கு வெளி வேண்டும். அந்த வெளியைக் கொடுப்பதற்காக ஐம்பது பேர் கொண்ட வாத்தியக் குழு ஒதுங்கி நிற்கவேண்டியிருக்கிறது. ‘மொஸார்ட் ஐ லவ் யூ’வின் குதூகலத்தை எதிர்க்கட்சியார் எடுத்துக்காட்டுவார்கள். அதன் சௌந்தரியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் உரையாடல் என்று முதல் தொகுப்பில் கேட்ட சங்கதி, இங்கே உபசாரமாகிவிட்டது.

முதல் தொகுப்பின் ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ஸில் பாக்கின் மூன்றாம் பார்ட்டிட்டாவின் முகப்பு வருகிறதே, துணை வாத்தியமே இல்லாமல் தனி வயலினுக்கென்று பாக் எழுதிய அந்தப் பகுதியில், ஒரே ஸ்வரத்தை விரல் படாத தந்தியிலும் விரல் பதித்த பக்கத்துத் தந்தியிலும் மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்யும் இடமொன்று உண்டு. அங்கே வில் தந்திக்குத் தந்தி தாவியாகவேண்டும். நரசிம்மனின் மணிக்கட்டு அதை எத்தனை அநாயாசமாகச் செய்கிறது! அதே மனிதர் ‘சேம்பர் வெல்கம்ஸ் தியாகராஜா’வுக்கு வந்ததும் இடக்கை வேறாகிவிடுகிறது, மேல்நாட்டு மெட்டில் ஸ்வரத்தின்மேல் நின்று அதிர்ந்த விரல், இப்போது ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவே வழுக்கிக் கமகமாகிறது. வில் பிடித்த வலக்கை மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே. மேலிழுப்பு முடிந்து கீழிழுப்பு தொடங்கும் சந்தியைக் கண்டுபிடிக்க நான் எத்தனையோ இரவு காது கொடுத்திருக்கிறேன், அகப்பட்டதில்லை.

அந்நாளில் ஆவடித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் வீட்டுத் திண்ணையில் கூடி, அந்தத் தொகுப்பின் கேசட்டை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசை குலையாமல் கேட்போம். ஒரு பக்கம் முடிந்து புரட்டிப் போடும் வரையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். இன்று பிள்ளைகள் தொகுப்பைத் துண்டுதுண்டாக்கிக் கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்கிறார்கள்; அதில் செல்லோவின் அடிக்குரல் எங்கே கேட்கும்? கேட்கும்போது குறுக்கிடும் பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலைக்கூட நான் மன்னித்துவிடுவேன். வயலின் கலைஞர்கள் வரிசையாக உட்காரவேண்டிய இடத்தில் ஒரு கீபோர்டை வைத்துவிட்டு, அதையும் தந்தியிசை என்று சொல்லும் இக்காலத்துப் பழக்கத்தை மன்னிக்க முடியவில்லை. வில் மயிர் தந்தியைப் பற்றும் கணத்தில் எழும் அந்தச் சிறு உராய்வு கீபோர்டில் எப்படி வரும்?

முதல் தொகுப்பு வெறும் முன்னோட்டம் என்பவர்கள், நரசிம்மன் பிற்பாடு ‘மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட்’ நால்வர் குழுவில் நம் கீர்த்தனைகளுக்கு மேல்நாட்டு ஹார்மனி அமைத்து வாசித்திருப்பதை ஒருமுறை கேட்கட்டும். அதற்குப் பாதை போட்டது 1986-ஆம் ஆண்டுத் தொகுப்பேயன்றி 1988-ஆம் ஆண்டினது அல்ல.