ரோதைமுனிக்கு ஒரு நாவல்

விக்டோரியா மகாராணி காலத்தைக் களமாகக் கொண்ட விஞ்ஞான நாவல்களில் எனக்கு நீராவி இயந்திரம் இரண்டாம்பட்சம்தான். அதற்குக் கரி அள்ளிப் போட்டவர் யார், அவருக்கு என்ன கூலி, இரவில் எங்கே படுத்தார் என்பதையெல்லாம் எழுத்தாளர் தேடித் தெரிந்துகொண்டிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் சேர்ந்து எழுதிய 'தி டிஃபரன்ஸ் எஞ்சின்' 1990இல் வந்தது. சார்ள்ஸ் பாபேஜ் வரைந்துவைத்து, முழுதாகச் செய்து பார்க்காமலே இறந்துபோன கணிப்பொறிகள் அன்றே ஓடியிருந்தால் 1855இன் லண்டன் எப்படி இருந்திருக்கும்? இதுதான் கதை. மறு வருடமே லண்டன் விஞ்ஞான அருங்காட்சியகம் பாபேஜின் வரைபடங்களை வைத்து, சுமார் 4,000 பாகங்களில், அவற்றில் ஒன்றின் கணக்கிடும் பகுதியைச் செய்து ஓட்டிக் காட்டியது. அந்த நாவலில் நான் சொக்கிப்போன இடம் வேறு. 1858 கோடையில் தேம்ஸ் நதி நாறி, நாடாளுமன்றமே மூக்கைப் பிடித்துக்கொண்டது. அந்த நாற்றத்தை மூன்று வருடம் முன்னே இழுத்துவந்து கதைக்குள் பரவவிட்டிருக்கிறார்கள். வரலாற்றைக் கரைத்துக் குடித்தவர்களுக்குத்தான் இப்படி நெஞ்சறிந்து அதை வளைக்கும் துணிச்சல் வரும்.

இந்த வகை எழுத்துக்கு 'ஸ்டீம்பங்க்' என்று 1987இல் பெயர் வைத்தவர் கே. டபிள்யூ. ஜீட்டர். அவரும் நண்பர்கள் டிம் பவர்ஸும் ஜேம்ஸ் பிளேலாக்கும் கலிபோர்னியாவில் இருந்துகொண்டே பழைய லண்டனை எழுதினார்கள். மூவரும் போய் நின்றது ஒரே ஊற்றில்: ஹென்றி மேஹியூ என்ற பத்திரிகையாளர் லண்டன் ஏழைகளைத் தேடிப் போய்ப் பேசி, 1851இல் நூலாக்கத் தொடங்கிய பதிவுகள். சாக்கடைக்குள் இறங்கிச் சில்லறை தேடியவர்கள், தோல் பதனிடுவோருக்கு விற்க நாய்ப்பீ பொறுக்கிய கிழவிகள், நதிச் சேற்றில் கரித்துண்டு துழாவிய பிள்ளைகள் எல்லோரும் அதில் தம் வாயாலேயே தம் பிழைப்பைச் சொல்கிறார்கள். அந்த வாய்மொழி இல்லாவிட்டால் பவர்ஸின் நாவலில் வரும் பிச்சைக்காரர்களுக்கு உயிர் வந்திருக்காது.

இதற்கு மாறாக, ஜூல் வேர்ன் இந்தியா பக்கமே வராமல், நீராவி யானை ஒன்று வீடுகளை இழுத்துக்கொண்டு வட இந்தியாவைச் சுற்றும் நாவலை 1880இல் எழுதினார். அதன் உலையைக் கவனிக்கும் இந்தியனுக்குக் காலூத் என்று ஒரு பெயராவது வைத்தாரே என்று சந்தோஷப்படுவேன். அந்த மனிதனின் கதை என்னவென்று அவர் தேடிப் போகவில்லை.

இதையெல்லாம் இலங்கை மலைநாட்டுப் பூண்டுலோயாவில் இருந்து படிக்கும்போது மனம் சும்மா இருப்பதில்லை. மக்பெத் நாடகத்தில் வரும் ஸ்கொட்லாந்துக் குன்றின் பெயரோடு இங்கே டன்சினன் தோட்டம் இருக்கிறது. ஈ. ஈ. கிரீன் என்ற துரை இந்த ஊரில் இருந்தபடிதான் செடிகளில் ஒட்டி வாழும் செதில் பூச்சிகளை ஆராய்ந்தார். 1896இல் வெளிவரத் தொடங்கி 1922இல் ஐந்தாம் பாகத்தோடு நிறைவடைந்த அவருடைய பெருநூலில், பூச்சி கிடைத்த இடமாக எங்கள் ஊர்ப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கும் முன்னே, 1880 முதல் 1882 வரை மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கையில் தங்கி, கோப்பிச் செடியைத் தின்ற இலைத்துரு நோயின் வித்துகள் காற்றில் பரவுவதைக் கண்டறிந்தார். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணம் மலைநாட்டுக் கோப்பியையே வீழ்த்தித் தேயிலைக்கு வழிவிட்டது. விஞ்ஞான நாவலுக்கு இதைவிடப் பெரிய கரு வேண்டுமா?

தமிழிலும் ஆவணம் உண்டு. அந்தப் பூஞ்சணத்துக்கு விஞ்ஞானிகள் பெயர் சூட்டிய அதே 1869இல்தான் ஆபிரகாம் ஜோசப்பின் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' அச்சேறியது. தோட்டத்தில் உத்தியோகம் பார்த்தவர் பாடியது அது, கூலியாள் பாடியதல்ல. அந்தக் கவனத்தோடு படிக்க வேண்டும். எப்படிப் படிப்பது என்பதை மு. நித்தியானந்தனின் 'கூலித் தமிழ்' சொல்லித்தருகிறது. ஒரு பழைய நூலைக் கையில் எடுத்து, இது யாருடைய குரல், யாரைப் பற்றிய குரல் என்று அவர் விசாரிக்கும் அழகுக்காகவே அந்த நூலை மறுபடி மறுபடி எடுக்கலாம்.

எழுதப்படாததும் இருக்கிறது. தேயிலை ஸ்டோரில், அதாவது ஆலையில், சுழலும் இயந்திரத்துக்குக் காவலாக நம்மவர்கள் ரோதைமுனியைக் கும்பிட்டார்கள். இரும்புச் சக்கரம் வந்து இறங்கியதும் அதற்கொரு முனியை நிறுத்திய அந்த மனதுக்கு முன் வேர்னின் நீராவி யானை எனக்குச் சிறிதாகத்தான் படுகிறது. ரோதைமுனியை வைத்து ஒரு நல்ல விஞ்ஞான நாவலை நான் இன்னும் படிக்கவில்லை.

எழுத நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரத்தைப் பிறகு கற்பனை செய்துகொள்ளலாம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் இருக்கும் அம்மாயி, தாத்தாமாரிடம் ரோதைமுனிக்கு என்ன படைத்தார்கள், ஸ்டோரில் இரவு வேலை எப்படி நடந்தது, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டது யார் என்று முதலில் கேட்டு எழுதிவையுங்கள். மேஹியூ தெருத்தெருவாகப் போய்ச் செய்தது இதைத்தான்.