கட்டாங்கா: வெட்டியும் ஒட்டியும்

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தென்கிழக்கில் இருந்த கட்டாங்கா மாகாணம் ஏறத்தாழ 4,97,000 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. ஸ்பெயினைவிடச் சற்றே சிறியது. 2015-இல் அது மேல் கட்டாங்கா, லுவலாபா, மேல் லொமாமி, டாங்கனிக்கா என நான்காகப் பிரிக்கப்பட்டது. அந்த மண்ணுக்கு இது புதிதல்ல. 1960 ஜூன் 30-இல் நாடு விடுதலை பெற்றது. பதினோரு நாளிலேயே மாகாணத் தலைவர் மொயீஸ் சோம்பே கட்டாங்காவைத் தனிநாடாக அறிவித்தார். 1963 ஜனவரியில் அந்த முயற்சி ஒடுக்கப்பட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் குட்டி மாகாணங்களாகத் துண்டான நிலப்பரப்பை 1966-இல் குடியரசுத் தலைவர் மொபுட்டு மீண்டும் ஒன்றாக்கினார். 1971-இல் பெயரும் ஷாபா ஆயிற்று. சுவாஹிலியில் செம்பு என்று பொருள். பழைய பெயர் திரும்பியது 1997-இல், அவர் வீழ்ந்த பிறகுதான். வெட்டினாலும் ஒட்டினாலும் கத்தரியும் பசையும் தலைநகர் கின்ஷாசாவின் கையிலேயே இருந்தன.

2006-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பு, கின்ஷாசாவைச் சேர்த்து 26 மாகாணங்களை வகுத்தது. நிர்வாகத்தை மக்களுக்கு அருகில் கொண்டுசெல்வதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கட்டாங்காவில் அந்த வாதம் வலுவானது. டாங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள கலேமி, நேர்கோட்டில் அளந்தாலே 600 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மாகாணத் தலைநகர் லுபும்பாஷியிலிருந்து ஆளப்பட்டுவந்தது. இன்று கலேமியே ஒரு மாகாணத் தலைநகர். புதிய எல்லைகள் பெரும்பாலும் பழைய மாவட்ட எல்லைகளையே ஒட்டிச் சென்றதும் விவேகமான முடிவு.

பிரித்த வேளைதான் ஐயத்துக்கு இடம் தந்தது. 36 மாதங்களில் முடிக்க வேண்டிய வேலை ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. குடியரசுத் தலைவர் ஜோசப் கபிலாவின் பதவிக்காலம் முடியவிருந்த தறுவாயில், 2015-இல், அவசரமாக நிறைவேறியது. கட்டாங்கா ஆளுநர் மொயீஸ் கட்டும்பி அவரோடு முறித்துக்கொண்டதும் அதே ஆண்டில்தான். போட்டியாளரின் கோட்டையை உடைக்கவே இந்தப் பிரிப்பு என்ற பேச்சு எழுந்ததில் வியப்பில்லை. புதிய மாகாணங்களுக்கு முதலில் வந்தவர்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆளுநர்கள் அல்லர், குடியரசுத் தலைவர் நியமித்த சிறப்பு ஆணையர்கள்.

இதைவிடப் பெரிய குறை பணத்தில் இருக்கிறது. லுபும்பாஷி முதல் கோல்வேசி வரை நீளும் செம்பு, கோபால்ட் சுரங்கப் பட்டை தெற்கிலுள்ள மேல் கட்டாங்கா, லுவலாபா ஆகிய இரு மாகாணங்களுக்குப் போயிற்று. ஒரே கருவூலமாக இருந்தவரை தெற்கின் வருவாயில் வடக்கும் பங்கு கேட்க முடிந்தது. இனி அந்த உரிமை இல்லை. 2018-இன் சுரங்கச் சட்டம் உரிமத்தொகையில் 25 சதவீதத்தைச் சுரங்கம் இருக்கும் மாகாணத்துக்கே ஒதுக்குவதும் இடைவெளியை அகலமாக்குகிறது. அரசமைப்பின்படி தேசிய வருவாயில் 40 சதவீதம் மாகாணங்களுக்குரியது, அதை அவை மூலத்திலேயே பிடித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பங்கு முழுமையாகக் கைக்கு வந்ததில்லை. கோல்வேசி அதைத் தாங்கிக்கொள்ளும். ரயில் சந்திப்பை நம்பி வளர்ந்த கமினாவோ, மேல் லொமாமியின் தலைநகராக, ஊழியர் சம்பளத்துக்கும் கின்ஷாசாவின் முகத்தையே பார்க்க வேண்டியிருக்கிறது.