சாவுக் கணக்கும் காரணக் கட்டமும்

1

அரசு வெளியிடும் மரணப் பட்டியல் ஒரு பிரதி. யார் எழுதியது, எந்த இலக்கணத்தில் எழுதியது, எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்டுத்தான் அதை வாசிக்க முடியும். 2020இல் கொரோனா பரவியபோது தமிழகச் சுகாதாரத் துறை நாள்தோறும் வெளியிட்ட அறிக்கையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு வாக்கியம். வயது, ஆணா பெண்ணா, எந்த ஊர், என்றைக்குச் சேர்த்தார்கள், என்ன தொந்தரவு, என்றைக்குப் போனார். பெயர் கிடையாது. இறந்தவர்கள் இரு வகையாகப் பிரிக்கப்பட்டனர்: இணைநோய் உள்ளவர், இணைநோய் இல்லாதவர்.

‘இணைநோய்’ என்ற இந்தச் சொல்தான் அப்பிரதியின் அச்சு. சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அந்த உடம்போடு பத்து வருஷம், இருபது வருஷம் ஓடியாடிக்கொண்டிருந்தவர் இரண்டாவது வாரத்தில் மூச்சுத்திணறிச் செத்தால், பழைய சர்க்கரையும் காரணத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. படுக்கை கிடைக்காமல் போனது, ஆக்சிஜன் தாமதமானது ஆகியவற்றுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. சாவின் பொறுப்பு செத்தவரின் உடலுக்குள்ளேயே திருப்பி அனுப்பப்படுகிறது.

2

ஒரு சாவு இரண்டு நோட்டுகளில் ஏறுகிறது. ஒன்று, 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படியான பேரேடு. மற்றது, சுகாதாரத் துறையின் கொரோனாப் பட்டியல். இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. 2020 ஜூனில் சென்னை மாநகராட்சியின் பதிவேட்டில் இருந்த 200க்கும் மேற்பட்ட சாவுகள் மாநிலப் பட்டியலில் இல்லை என்று பத்திரிகைகள் எழுதின. குழு போடப்பட்டது. ஜூலை 22 அன்று ஒரே நாளில் 444 சாவுகள் கணக்கில் சேர்க்கப்பட்டு மொத்தம் 3,144 ஆயிற்று. சேர்ப்பதற்கு முதல்நாள் வரை அந்த 444 பேரும் எதனால் செத்திருந்தார்கள் என்பது வேடிக்கையான கேள்வியல்ல.

2021 இரண்டாம் அலையின்போது அறப்போர் இயக்கம் 6 அரசு மருத்துவமனைகளின் இறப்புச் சான்றுகளை எடுத்து வைத்து இதே கேள்வியைக் கேட்டது. 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை சென்னை மாவட்டத்தில் வழக்கத்தைவிடக் கூடுதலாக ஏறக்குறைய 26,000 பேர் இறந்ததாக 2022இல் லான்செட் குழும இதழொன்றில் வந்த ஆய்வு கணித்தது. பேரேடு இருந்ததால்தான் இந்தக் கணிப்பே சாத்தியமானது. தமிழ்நாட்டில் சாவு பெரும்பாலும் பதிவாகிவிடுகிறது. இங்கே சிக்கல் சாவைப் பற்றியதல்ல, காரணக் கட்டத்தைப் பற்றியது.

தேசிய அளவிலும் கதை இதுதான். 2020இல் நாட்டில் பதிவான சாவுகளில் 22.5 சதவீதத்துக்கு மட்டுமே மருத்துவர் காரணம் எழுதிக் கொடுத்தார். அந்தச் சின்னப் பகுதிக்குள்ளேயே கொரோனாச் சாவுகள் 1,60,618. அதே ஆண்டுக்கு அரசு சொன்ன மொத்தமோ சுமார் 1.49 லட்சம்! 2022 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இரண்டாண்டுகளில் இந்தியாவின் மிகைச் சாவு 47 லட்சம் என்றபோது, கணித மாதிரியே தவறு என்று அரசு சண்டைக்குப் போனது. 2021இல் பதிவான சாவுகளின் எண்ணிக்கையை 2025 மே மாதம்தான் வெளியிட்டது: 1.02 கோடி. முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய 21 லட்சம் கூடுதல். பதிவு செய்யும் பழக்கம் கூடியதும் இதில் அடக்கம் என்று ஒத்துக்கொள்ளலாம். அப்படிக் கழித்தாலும் மிச்சம் இருக்கிறதே, அதற்கு எந்தப் பெயர்?

3

புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து இதைப் பார்த்தால் இன்னொரு முடிச்சு தெரியும். சாவு நடந்த இடத்தில்தான் பதிவு என்பது சட்டம். மணமேல்குடிக்காரர் தஞ்சாவூரிலும் விராலிமலைக்காரர் திருச்சியிலும் பொன்னமராவதிக்காரர் மதுரையிலும் செத்தால், அந்தச் சாவு அந்தந்த ஊர்ப் பேரேட்டில் ஏறும். கேதம் கேட்க ஊரே திரண்டாலும் ஊர்ப் பேரேட்டில் ஒரு வரி இருக்காது. வீட்டில் செத்தவருக்கோ வி.ஏ.ஓ. எழுதுவார், காரணம் வீட்டார் சொல்வதுதான். ‘காச்சல்ல போயிட்டாரு’. பரிசோதனை இல்லையென்றால் கொரோனா இல்லை. மாநிலத்தின் சுகாதார அமைச்சரே விராலிமலைத் தொகுதிக்காரராக இருந்த மாவட்டத்திலும் இதுதான் விதி.

‘காய்ச்சல்’ பழைய கட்டம். 1918 இன்ஃபுளுயன்சாவில் இந்தியாவில் 1.2 கோடி முதல் 1.8 கோடிப் பேர் வரை செத்ததாக மதிப்பிடுகிறார்கள். பிரிட்டிஷ் இந்தியாவின் கிராமப் பதிவேட்டில் காலரா, அம்மை, பிளேக், காய்ச்சல் என்று சில தலைப்புகளே இருந்தன. வந்த நோய்க்குத் தலைப்பு இல்லாததால் பிணங்கள் ‘காய்ச்சலு’க்குள் அள்ளிப் போடப்பட்டன. பேரேடு அன்று மணியக்காரர் கையில். கேதம் சொல்லி ஊர் ஊராக நடக்கும் வேலை தலித்துகள் தலையில். எந்த வீட்டில் எப்படிச் சாவு விழுந்தது என்று அறிந்தவருக்கு எழுதும் உரிமை இல்லை. எழுதியவருக்குச் சேரிக்குள் போகும் வழக்கமில்லை. 1980இல் பரம்பரைப் பதவிகள் ஒழிந்தன. இந்த ஏற்பாட்டின் எச்சம் ஒழிந்ததா என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி.

4

1969 சட்டத்தின் 17ஆம் பிரிவு விசித்திரமானது. பேரேட்டில் சாவின் காரணம் இருக்கலாம். ஆனால் கொடுக்கும் நகலில் அதை வெளிப்படுத்தக் கூடாது. அரசுக்குத் தெரியும், வீட்டுக்குக் காகிதத்தில் தெரியாது. அந்தரங்கத்தைக் காக்கும் ஏற்பாடு என்று இதைச் சொல்லலாம். 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் கொரோனாச் சாவுக்கு நிவாரணம் வழங்க வழிவகை செய்யச் சொல்லி, பிறகு 50,000 ரூபாய் என்று முடிவானபோது, அதே காப்பு கழுத்தை இறுக்கியது. காரணத்தை நிரூபிக்கும் சுமை விதவையின் தலையில் விழுந்தது. பரிசோதனைச் சீட்டு எங்கே? 30 நாளுக்குள் செத்தாரா? மாவட்டக் குழுவிடம் மனு கொடு.

ஆனாலும் மனு கொடுத்தார்கள். 2022 ஜனவரியில் குஜராத்தின் அதிகாரபூர்வச் சாவு 10,094, வந்த மனு 89,633, ஏற்கப்பட்டது 68,370. தெலங்கானாவில் சாவு 3,993, மனு 28,969. பட்டியல் மறுத்ததைக் கருவூலம் ஒத்துக்கொண்டது. நிபுணர்களின் மாதிரிகளை ‘தவறு’ என்ற அரசை, மனு எழுதிய கைகள் அதன் சொந்தக் காகிதத்திலேயே மறுத்துவிட்டன. 2023 திருத்தம், ஆஸ்பத்திரியில் செத்தால் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்கு இலவசமாகத் தரச் சொல்கிறது. வீட்டில் செத்தவருக்கு?

5

இங்கே நம்மவர்கள் ஒரு ஆட்சேபணை எழுப்பக்கூடும். மக்களை எண்ணுவது ஆளும் தொழில்நுட்பம் என்று ஃபூக்கோவைப் படித்தவர்கள் நாம்; இப்போது ‘எங்களை எண்ணு’ என்று அரசிடமே கேட்பதா? ஆட்சேபணை நியாயமானது. ஆனால் நோய்க்காலத்தில் அதிகாரம் எண்ணியதைவிட எண்ணாமல் விட்டதன் வழியாகவே கூடுதலாகச் செயல்பட்டது. ‘எண்ணிக்கையே வன்முறை’ என்று ஒதுங்கினால் அந்த மௌனத்துக்கு நாமும் தத்துவம் எழுதிக் கொடுத்தவர்களாவோம்.

எண்ணுவதில் வேறு மரபும் இந்த மாவட்டத்துக்கு உண்டு. 1991இல் அறிவொளி இங்கே தொடங்கியபோது தொண்டர்கள் வீடு வீடாகப் போய் எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக் கணக்கெடுத்தார்கள். எண்ணப்பட்டவர்களே, கல்குவாரிப் பெண்கள் உட்பட, பிறகு சிலேட்டோடு வந்து உட்கார்ந்தார்கள், சைக்கிளும் ஓட்டினார்கள். அந்தக் கணக்கு ஆளைக் கூட்டி வருவதற்கான கணக்கு.

அப்படியொரு வேலை இன்றும் செய்யக்கூடியதே. மாவட்டத்தில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். 2018 முதல் 2022 வரை மாதவாரியாக எத்தனை சாவு பதிவானது என்பதை ஒவ்வொரு கிராமசபையிலும் வாசிக்கச் சொல்லிக் கேட்கலாம். பெயர் வேண்டாம், காரணம் வேண்டாம், எண் போதும். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2021 மே, ஜூன் வரிசை வரும்போது வெளியூர் ஆஸ்பத்திரிகளில் செத்தவர்களைச் சபையில் இருப்பவர்களே சொல்வார்கள். அதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்ல வேண்டும்.